யாரிடம் சொல்லலாம்?

ஜூலியைப் பூட்டுச்சாவி என்றே அலுவலகத்தில் கூப்பிடுவார்கள். ரெட்டியார்பாளையத்தில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யும் ஒரு சிறிய மையத்தில், நோயாளிகளின் தாள்கள் இருக்கும் பீரோ அவள் பொறுப்பு. அதன் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்ந்து தொங்கும். "சோத்து டப்பாவையும் உள்ள வச்சுப் பூட்டிடுவ போல" என்று மேலாளர் சிந்துஜா கிண்டல் செய்வார். ஜூலி சிரித்தபடியே பீரோவின் கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்வாள்.

பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொருவரின் தாளிலும் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. "முடிவை உங்களைத் தவிர யாரிடம் சொல்லலாம்?" சிலர் கணவர் பெயரைச் சொல்வார்கள், சிலர் மகளின் பெயரை. பதுருன்னிசா மட்டும், "யாருகிட்டயும் வேணாம்மா" என்றாள்.

பதுருன்னிசாவும் கணவர் மஜீத்தும், ஜூலி பூசைக்குப் போகும் கோயிலுக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருந்தார்கள். அந்தப் பங்கின் பெண்கள் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைத்தாள். இரண்டு மாதத்துக்கு முன் மஜீத்துக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

"திடுக்குனு எதையும் காதுல போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சொல்ல வேண்டியது இருந்தா நானே சொல்லிக்கிறேன். பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சிகிட்டு" என்றாள். ஜூலி அதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம், மறுபரிசோதனைக்கு வரவேண்டியவர்களின் பட்டியல் வந்தது. அதில் பதுருன்னிசாவின் பெயரும் இருந்தது, மார்பில் சிறு கட்டி என்ற குறிப்போடு. மறுபரிசோதனை என்றால் நோய் என்று அர்த்தமில்லை. ஆனாலும் கேட்கிறவர் நெஞ்சு அப்படியா நினைக்கும்? ஜூலி கடைக்குப் போன் செய்தாள். எடுத்தது மஜீத்.

"அண்ணே, ஜூலி பேசுறேன். ரவிக்கை விஷயமா அக்காகிட்ட ஒரு வார்த்தை."

பதுருன்னிசா வந்ததும், செவ்வாய் பத்து மணிக்கு ஸ்கேன் என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்திலேயே மஜீத்தின் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சரிம்மா, கையக் கொஞ்சம் இறக்கித் தச்சுடுறேன்" என்று பதில் வந்தது.

போனை வைத்தபோது ஜூலிக்கு அந்தக் குரல் காதிலேயே நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்தாள். அந்தோணியார் சொரூபத்தின் காலடியில் மன்றாட்டுப் பெட்டி இருந்தது. ஒரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும், தன் கையில் வந்த நோயாளிகளுக்காக அவள் அதில் சீட்டு எழுதிப் போடுவாள். அன்றைக்கும் எழுதினாள். "தையல் கடை பதுருன்னிசா அக்காவின் மார்பில் இருக்கும் கட்டி கெட்டதாக இருக்கக் கூடாது, அந்தோணியாரே." மடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலைப் பூசையில் பாட வந்தபோது வாசல் பலகையில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த ஞாயிறு முதல், பெட்டியில் இடப்படும் மன்றாட்டுகள் பெயருடன் வாசிக்கப்படும். ஜூலி நிமிர்ந்து பார்த்தாள். வாசல் வளைவின் மேல் ஒலிபெருக்கிக் குழாய் தெருவைப் பார்த்து நின்றது. அதற்கு நேர் எதிரே, மறுசாரியில், மஜீத் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

பூசைக்கு இருபது நிமிடம் இருந்தது. பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினாள். பூசையில் மன்றாட்டுகளை வாசிக்கும் உபதேசியார் நெல்சன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா, பாட்டுக்காரங்க எல்லாம் மேல நிக்கிறாங்க, நீ இங்க?"

"அண்ணே, நேத்துப் போட்ட சீட்டு ஒண்ணத் திருப்பி எடுக்கணும்."

"நல்லா இருக்குதே! அந்தோணியார் தொலைஞ்சதத்தான் தேடித் தருவாரு. குடுத்ததத் திருப்பித் தர்ற பழக்கம் அவருக்குக் கெடையாது. எதுன்னு சொல்லு, நான் எடுத்துத் தர்றேன்."

ஜூலி வாயைத் திறந்தாள். பெயரைச் சொன்னால்தான் பெயரை மறைக்க முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

"சொல்ல முடியாதுண்ணே."

நெல்சன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார். கட்டு முழுவதையும் அவள் பக்கம் தள்ளினார். "நீயே எடுத்துக்க." சுவர்ப்பக்கம் திரும்பி, ஏற்கெனவே மடித்திருந்த பீடத்துணியை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

ஜூலி இரண்டு முறை தேடினாள். பரீட்சை, பிரான்ஸ் விசா, விற்காத மனை, மருமகளோடு சண்டை. அவள் சீட்டு மட்டும் இல்லை.

"இதுல இல்லண்ணே."

"அப்ப அதுல இருக்கும்." மேசை ஓரத்தில் இருந்த பழைய பூசைப் புத்தகத்தை மோவாயால் காட்டினார். "வாசிக்க வேணாம்னு ஏழெட்டுச் சீட்ட எடுத்து வச்சேன். அடுத்தவங்க ஒடம்பப் பத்தி எழுதினது. அவங்களக் கேட்டுத்தான் எழுதினாங்களோ என்னவோ. தெரியாம மைக்குல எப்படிப் படிக்கிறது?"

புத்தகத்துக்குள் நான்காக மடித்து இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது ஜூலிக்கு ஆறுதலுக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. மையத்தின் தாளில் அச்சடித்திருந்த அந்தக் கடைசிக் கேள்வியை நெல்சன் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அதையே கேட்டுவிட்டார்.

"நீங்க படிச்சிட்டீங்கல்ல?"

"படிச்சாத்தானே பிரிக்க முடியும்? படிச்சத இங்கயே வச்சிட்டுத்தான் வெளிய போவேன், போ."

பூசையில் மன்றாட்டுகள் முடியும்போது, "பெயர் சொல்லாத நோயாளிகள் எல்லாருக்காகவும்" என்று நெல்சன் தானாகச் சேர்த்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. நெல்சன் வாய் திறக்க மாட்டார். ஆனால் யாரிடமும் வேண்டாம் என்றாளே தவிர, நல்லவர் ஒருவருக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்று பதுருன்னிசா சொல்லவில்லை. ஜூலி தெருவைக் கடந்தாள்.

அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பதுருன்னிசா டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தாள்.

"அப்பறம் அந்தத் தாள்ல எதுக்கும்மா எங்கிட்டக் கேட்டீங்க?"

"தப்புதான்க்கா. சாமிகிட்டதானே சொல்றோம்னு நெனச்சிட்டேன்."

"அவனுக்கு என் அட்ரஸ் தெரியாதா? எழுதிப் போட்டாத்தான் வருவானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்காக வேண்டிக்கிறேன், துஆ கேக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

வெளியிலிருந்து மஜீத்தின் குரல் வந்தது. "என்னா, ரவிக்கைக்கு அளவா, பந்தலுக்கு அளவா?"

"கை சரியில்ல, பிரிக்கணும்!" என்றாள் பதுருன்னிசா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உபதேசியாருக்குத் தெரிஞ்சிது, இவருக்குத் தெரியல. அது நல்லா இல்ல. இன்னிக்குச் சொல்லிடுறேன்" என்றாள்.

திங்கட்கிழமை ஜூலி சிந்துஜாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள், நோயாளி யார் என்பதையும், ஒரு வருடமாகப் போட்ட சீட்டுகளையும் சேர்த்து. சிந்துஜா திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். ஜூலி சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய் பத்து மணிக்கு இருவருமாக வந்தார்கள். மஜீத் கையில் டீ பிளாஸ்க். தாளைக் கேட்டு வாங்கி, கடைசிக் கேள்வியில் பழைய பதிலை அடித்துவிட்டு, பதுருன்னிசா தானே 'மஜீத்' என்று எழுதினாள். ஸ்கேன் அறைக்கு வரச்சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள்.

"இப்ப வேண்டிக்கலாமாக்கா?" என்று ஜூலி கேட்டாள்.

"ம். பேரில்லாம" என்று சொல்லிவிட்டு பதுருன்னிசா உள்ளே போனாள்.

கதவு மூடியதும் மஜீத் பெஞ்சில் உட்கார்ந்தார். "இதுக்குத்தானா ரவிக்கைக் கைய அவ்ளோ நேரம் பிரிச்சீங்க?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, "ஒண்ணும் இருக்காதுல்லம்மா? நீ உள்ளயே இருக்கிறவ, ஒனக்குத் தெரியும்" என்றார்.

தாளில் இப்போது அவர் பெயர் இருந்தது. ஆனாலும் ஜூலி, "அக்கா வந்து சொல்வாங்கண்ணே. பக்கத்துல உக்காந்து" என்றாள்.

மஜீத் தலையை ஆட்டினார். பிளாஸ்கைத் தன் மறுபக்கம் நகர்த்தி வைத்து, அவளுக்கும் உட்கார இடம் விட்டார்.