பின்னறைச் சாவி

“பின்னறையைத் தொறங்க தம்பி. மையித்தை அங்கதான் குளிப்பாட்டணும், தண்ணி போறதுக்கு வழி அங்கதானே இருக்கு,” என்றார் குளிப்பாட்ட வந்தவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே.

வாப்பா விடியலில் இறந்துபோயிருந்தார். கட்டிலருகே நின்ற மகனுக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அலமாரியைத் துழாவினான், தலையணையைப் புரட்டினான். இல்லாத இடத்தில் சாவி தேடி ஒரு மனிதன் எவ்வளவு நேரத்தைத்தான் கடத்த முடியும்?

“இடுப்புலதானே தொங்குது!” என்றாள் மனைவி. பாவம், உதவி செய்வதாக நினைப்பு.

கதவு திறந்தது. தரையிலிருந்து உத்தரம் வரை நெல்மூட்டைகள்.

வந்திருந்த அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். மழை ஏமாற்றிய வருடம். கடைகளில் அரிசி இல்லை. வாசலில் வந்து கேட்டவர்களிடமெல்லாம் “எங்களுக்கே பத்தலங்க” என்று கையை விரித்தவன் இந்த மகன்தான். விலை இன்னும் ஏறும் என்று காத்திருந்தான்.

படுக்கையில் விழுந்ததும் வாப்பா இமாமை வரவழைத்து நெல்லைப் பற்றிக் கேட்டிருந்தார். “சொந்த வயல்ல வெளஞ்சதை வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்து வச்சா அது பதுக்கல் ஆகாது,” என்றார் இமாம். “ஆனா ஊரே பசியில கெடக்கும்போது, வெலை ஏறட்டும்னு மிச்சத்தைப் பூட்டி வச்சா அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும்.” மகனின் காதில் முதல் பாதிதான் ஏறியது.

“மிச்சத்தை வித்துட்டியா?” என்று வாப்பா நச்சரித்தார்.

“வித்தாச்சு வாப்பா.”

“யாருக்கு?”

“நம்ம பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குத்தான் மொதல்ல,” என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். வாப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

இப்போது அந்தத் தையல்காரர்தான் முதல் ஆளாக உள்ளே போய் மூட்டையைத் தோளில் ஏற்றினார். மற்றவர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கி வாசலின் இரு பக்கமும் அடுக்கினார்கள். ஒருவராவது திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது மகனுக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியதும் மகன் தையல்காரர் அருகில் போய் நின்றான். “நான் வந்து...”

“போன வாரம் உங்க வாப்பாவைப் பாக்க வந்தேன்ல,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “நெல்லு வந்துச்சா, பிள்ளைங்க சாப்பிடுதான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வந்துச்சு, வயிறாரச் சாப்பிடுதுங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் என் கையை விடவே இல்ல.”

“அந்த மூட்டையெல்லாம்... நீங்க எல்லாரும் எடுத்துக்கங்க.”

“அதை அப்புறம் பாப்போம் தம்பி. மொதல்ல வாப்பாவைத் தூக்குவோம்.”

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கின் முன்பக்கம் ஒருபுறம் மகனும் மறுபுறம் தையல்காரரும் நின்றார்கள். மூட்டைகளுக்கு நடுவேதான் வழி. தையல்காரரின் சட்டையில், மூட்டை சுமந்த தோளில், உமித்தூசு அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடாமலே அந்தத் தோளில் சந்தூக்கை வாங்கிக்கொண்டார்.