விவரமான ஜெபம்

சாந்தகுமாரி ஜெபிக்க ஆரம்பித்தால் கடவுளுக்கே புது விஷயங்கள் தெரியவரும். பொம்மனஹள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் வீடு மாற்றி வீடு நடக்கும் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. யார் மகளுக்கு வரன் தட்டிப்போனது, யார் புருஷன் எந்த பாரில் விழுந்து கிடந்தான் என்பதை வம்பாகப் பேசினால் பாவம். கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் ஓர் "ஆண்டவரே" சேர்த்துச் சொல்லிவிட்டால் அது ஜெபம். கேட்கிற கூட்டமும் லேசுப்பட்டதல்ல. செய்தி சூடாக இருந்தால் ஸ்தோத்திரமும் சத்தமாக வரும்.

வாராவாரம் அந்தக் கூட்டத்துக்குப் போகும் ஜோவிதாவுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்தும், போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் சாந்தகுமாரியிடமே போய் வாயை விட்டாள். வைட்ஃபீல்டில் இருக்கும் மருமகன் ஷெர்வின் கை நீட்டிவிட்டான், மகள் தர்ஷினி வீட்டுக்கு வந்துவிட்டாள், உங்கள் மனசோடு வைத்துக்கொண்டு ஜெபியுங்கள் அக்கா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் இறந்து ஆறு வருஷமாகிறது. யாரிடமாவது சொல்லி அழாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

தர்ஷினி வந்த அன்றே ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதும்மா. சர்ச்லேர்ந்து யாராவது வந்து எனக்குப் புத்தி சொன்னாங்கன்னா, நான் எங்கயாவது போயிடுவேன். அப்புறம் என்னைத் தேடாத."

இந்த வெள்ளி ஜோவிதா வீட்டு முறை. வேண்டாம் என்றால் ஏன் என்று துருவுவார்கள். மகளை உள் அறையில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் ஹாலில் பாய் விரித்ததும் பதினோரு பெண்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. சாந்தகுமாரி கைகளை விரித்தாள்.

"பரலோக பிதாவே, இந்த வீட்டுக்காக உம்ம சமுகத்துல வர்றோம். உம்ம பிள்ளை தர்ஷினி புருஷனை விட்டுட்டு வந்து பத்து நாளாச்சு, நீர் அறிவீர். இடது காதுல அடிச்சிருக்கான், நீர் பார்த்தீர். அந்த ரூம்ல இருக்கற பிள்ளைக்குப் பொறுமையைத் தாரும், புருஷனுக்கு அடங்கிப்போற மனசைத் தாரும்."

நீர் அறிவீராம். அறிந்தவருக்கு இடது காது, வலது காது என்று அடையாளம் எதற்கு? ஜோவிதா பாதிக் கண்ணைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த வீணாவும் கண்ணைத் திறந்து உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மோதியதும் இருவரும் மரியாதையாக மூடிக்கொண்டார்கள். ஒருவர் ஜெபத்தை இன்னொருவர் நடுவில் வெட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. சாத்தானே வந்தாலும் ஆமென் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

முடிவு ஜெபம் வீட்டுக்காரி செய்ய வேண்டும். ஜோவிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்த யோசனை வரவில்லை. வந்தது சாந்தகுமாரியின் மகன் நினைப்புதான்.

"ஆண்டவரே, சாந்தகுமாரி அக்காவுக்காகவும் ஜெபிக்கிறேன். அவங்க மகன் சஞ்சய் துபாய்ல இல்லன்னு உமக்குத் தெரியும். துமகூரு பக்கத்துல, குடிய நிறுத்தற எடத்துல ரெண்டாவது தடவையா சேத்திருக்காங்க, நீர் பார்க்கிறீர்."

அதுவும் மனசோடு வைத்துக்கொள் என்று சாந்தகுமாரி ஒருநாள் அழுதுகொண்டே சொன்னதுதான். சொல்லச் சொல்ல ஜோவிதாவுக்கு ருசித்தது. இத்தனை வருஷம் அவள் ஜெபத்தில் வராத நடுக்கமெல்லாம் குரலில் வந்தது. சுற்றிலும் ஸ்தோத்திரம் எழுந்தது, சாந்தகுமாரிக்கு வந்ததைவிடச் சத்தமாக. அதைக் கவனித்தாள், சந்தோஷப்பட்டாள், கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு மேலும் நாலு நிமிஷம் ஜெபித்தாள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது உள் அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அறையில் தர்ஷினி இல்லை. அவள் பையும் இல்லை. வாசலுக்குப் போக அந்த ஹாலைத் தவிர வேறு வழி கிடையாது. பதினோரு பேரின் முழங்கால்களுக்கு நடுவே கால் வைத்துத்தான் போயிருக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருத்தியும் பார்க்கவில்லை.

முதலில் சுதாரித்தது சாந்தகுமாரிதான். வெளிறிப்போன முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. பிள்ளை பத்திரமா இருக்க ஒரு நிமிஷம் ஜெபிப்போம்."

பதினோரு பேரும் மூடினார்கள்.

ஜோவிதா வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். தெருமுனையில் ஓசூர் ரோடு, பஸ்ஸும் ஆட்டோவும் கம்பெனி வேனுமாக இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. எந்தப் பக்கம் போயிருப்பாள்? ஜோவிதா அங்கேயே நின்றாள்.

"ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒரு விவரமும் இல்லை.