எட்டில் ஆறு

…அறுபத்தொன்று, இன்னும் அறுபத்தொன்றுதானா, கொஞ்சம் முன்னால் பார்த்தபோதும் அறுபத்தொன்றுதானே, நத்தைகூட இதற்குள் தெருக்கோடி வரை போய்த் திரும்பியிருக்கும், மூத்தவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்தாள், இழுத்த சத்தத்துக்கே நெஞ்சு திக்கென்றது, மெல்ல, மெல்ல, இந்த அறையில் இன்றைக்கு ஒரு தும்மல்கூட ஆகாது. சாமான் அறையின் கீழ்த்தட்டில் கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, அதற்குள் எட்டு ஹார்ட் டிஸ்க், எட்டில் உயிரோடு இருக்கிற பழையவை ஆறு, ஒன்று செத்தேபோனது, இன்னொன்று காலையில் இவள் புதிதாகச் செருகியது, அந்தப் புதியதன் காதில்தான் ஆறும் சேர்ந்து பழைய பாடத்தை ஓதிக்கொண்டிருக்கின்றன. எட்டுப் பிள்ளைகள் ஒரே பாடத்தைப் பங்கு போட்டு மனப்பாடம் செய்கிற மாதிரி இவள் அமைத்த ஏற்பாடு அது, இரண்டு பேர் வராவிட்டாலும் மீதி ஆறு பேரை நிற்கவைத்து முழுப் பாடத்தையும் வாங்கிவிடலாம், மூன்றாவதாக ஒன்று மட்டம் போட்டால்… போட்டால் பாடமே இல்லை, ஒரு வரி இல்லை. இரண்டு விழுந்ததும் பெட்டி தன்னைத்தானே பூட்டிக்கொண்டது, நூறு சதவீதம் ஆகும்வரை எதையும் திறக்க விடாது, கெஞ்சினாலும் விடாது. மணி ஒன்றே முக்கால். ஐந்து மணிக்கு வந்துவிடுவாள் இளையவளின் மகள், பஸ் இறங்கி, பென் டிரைவை ஆட்டிக்கொண்டு, பெரியம்மா, அம்மா குரலைக் குடுங்க என்று.

அந்தக் குரல், அதற்குத்தான் இத்தனை பாடும். இளையவள் பதினெட்டு வருஷம் புத்தகம் வாசித்தவள், கண் தெரியாதவர்களுக்கும் கண்ணிருந்தும் படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கும், துணி அலமாரியைக் காலி செய்து வெளிச்சத்தம் நுழையாமல் உள்ளே மெத்தையைத் தொங்கவிட்டு, மைக்கின் முன்னால் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, என்னமாய் வாசிப்பாள், கிழவனென்றால் கிழவன், குழந்தையென்றால் குழந்தை, அலமாரியை விட்டு வெளியே வந்தால் மட்டும் வாய் நிறைய விஷம். பதினோரு மாதத்துக்கு முன்பு, தொண்டையில் புற்று, காட்ட நாளாகிவிட்டது என்று அறுத்துக் குரல்பெட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது டார்ச் லைட் அளவுக் கருவி ஒன்றைக் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைக்கிறாள், வண்டு முரலுகிற மாதிரிச் சொல் வருகிறது, வசவுக்கும் தாலாட்டுக்கும் அதற்கு ஒரே ராகம், தாலாட்டைத்தான் இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் சொன்னாராம், வெளியான புத்தகங்களில் இசை கலந்திருக்கிறது, அது உதவாது, இசை கலக்காத பழைய பதிவு நாலு மணி நேரம் சுத்தமாகக் கிடைத்தால் போதும், அவள் போனில் தட்டுவதை அவள் குரலிலேயே போன் பேசும் என்று, நாளை காலை கொடுக்கவேண்டும். வேற எங்கயாவது காப்பி இருக்கா பெரியம்மா என்று அந்தப் பெண் அன்றே கேட்டாள். ஏண்டி, எட்டு டிஸ்க் எதுக்கு வாங்கிப் போட்டிருக்கேன், அலங்காரத்துக்கா, என்று சிரித்தது யார்? இவள்தான். வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கிடந்த டிஸ்க்கையெல்லாம் பொறுக்கி, இதற்குள் ஏற்றி, ஏற்றியபின் அவற்றில் இருந்ததைத் துடைத்து யாருக்கோ கொடுத்துவிட்டது யார்? இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் உருப்படாது, ஒரே இடம், ஒரே பொறுப்பு என்று பெருமையாகச் சொன்னவள். இப்போது அந்த ஒரே இடம் அறுபத்திரண்டில் நிற்கிறது.

காலையில் நடந்ததை நினைக்கக்கூடாது என்று நினைத்தாள், நினைக்கக்கூடாது என்றால் அது நிற்குமா, அடைத்த குழாய் மாதிரிப் பீறிக்கொண்டுதான் வரும். ஒரு டிஸ்க் படுத்துவிட்டது என்று திரை சிவப்பில் சொன்னது, அந்த டிஸ்க்கின் எண்ணையும் காட்டியது, நோட்டைப் புரட்டினாள், இந்த எண்ணுடையது பெட்டியில் மூன்றாம் அறை என்று இவள் கையெழுத்திலேயே இருந்தது, பெட்டியின் முகத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஸ்டிக்கர், மூன்று என்று ஒட்டிய அறையிலிருந்து உருவினாள், புதியதைச் செருகினாள், எழுது என்று உத்தரவு போட்டாள். அத்தோடு நிறுத்தியிருந்தால்… உருவியதன் முதுகில் அச்சடித்திருந்த எண்ணை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால்… இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த கை அது. அங்கே வழக்கம் என்ன, மெஷினிலிருந்து கழற்றிய டிஸ்க் அந்த அறை வாசலைத் தாண்டக்கூடாது, அடுத்தவர் எலும்பும் நுரையீரலும் அதற்குள் கிடக்கின்றன, உடனே ட்ரில்லை எடுத்து மூன்று ஓட்டை போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஓய்வு பெற்றது உடம்பு, கைக்கு யாரும் சொல்லவில்லையே. ஜன்னலோரம் மரக்கட்டை மேல் வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, பளபளவென்று தூள் பறந்தது, ஒழுங்காக வேலை முடித்த திருப்தியோடு வந்து உட்கார்ந்தால், திரையில் அதே சிவப்பு, அதே எண், நோயாளி பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கிறான், இவள் ஓட்டை போட்டது கல்லு மாதிரி இருந்த ஒன்றை. நோயாளி ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு மண்டையைப் போட்டான்.

நோட்டும் சரி, ஸ்டிக்கரும் சரி, பின் எப்படி? அது புரிய இவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. எல்லாம் அந்தச் சண்டை. இரண்டு வருஷத்துக்கு முன்பு பெட்டி கூடத்தில் இருந்தது, உன் பெட்டி உறுமுறது என் பதிவுல விழுது, கதாநாயகி அழும்போது பின்னாடி மாவு மில் ஓடுது என்று இளையவள் கத்தினாள், கத்தியது பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று குரைக்கிற அளவுக்கு. சரிதான் போடி, நீயும் உன் கதாநாயகியும், என்று இவள் எட்டு டிஸ்க்கையும் உருவித் தரையில் பரப்பி, பெட்டியைத் தூக்கி இந்தச் சாமான் அறையில் போட்டு, கைக்கு வந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் செருகினாள், எது எங்கே போயிற்றோ. மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எந்த அறையில் உட்கார்ந்தாலும் அதற்குத் தன் பிள்ளைகளை அடையாளம் தெரியும், ஸ்டிக்கர்கள்தான் அன்றிலிருந்து பொய் சொல்லிக்கொண்டு நின்றன. ஆக, யார் தப்பு? அவள் கத்தாமல் இருந்தால் இவள் நகர்த்தியிருப்பாளா? அப்படிப் பார்த்தால் அவள் குரலை அவளேதான் தொலைத்தாள், அவள் வாய்தான் தொலைத்தது… இந்த எண்ணம் வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி, நல்ல குளிர்ச்சிதான், வெட்கமாகவும் இருந்தது, வெட்கத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

எழுபத்து மூன்று. அப்போதுதான் சுவர் அதிர்ந்தது. சாமான் அறைக்கும் குளியலறைக்கும் ஒரே சுவர், அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் துணியைப் பிழியக் கிளம்பிவிட்டது, தடதடவென்று, பேய் பிடித்த மாதிரி, தட்டிலிருந்த டப்பாக்கள் பல்லைக் கடித்தன, ஐயோ, சுழலுகிற டிஸ்க்குக்கு ஆட்டம் ஆகாதே, ஆறில் ஒன்று முரண்டினால் தீர்ந்தது. ஓடினாள். இளையவள் ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தாள். அதை நிறுத்து. ஏன்? நிறுத்துன்னா நிறுத்தேன்டி. இளையவள் கையைத் துடைத்து, பையிலிருந்து கருவியை எடுத்து, கழுத்தில் இடம் பார்த்து அழுத்தினாள், அவள் அவசரப்படுவதே இல்லை, அந்த இடைவெளியில் எதிராளி வேகட்டும் என்றே வைத்துக்கொள்வாள். “உன் மெஷின்னா மெஷின், என் மெஷின்னா வெறும் தகரமா?” சொல்லுக்குச் சொல் ஒரே சுருதி. “ரெண்டு ஜாக்கெட் பிழிய உன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா அக்கா?” கையெழுத்தும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம், மூணு மணி நேரம், மூணே மணி நேரம் சும்மா இரு என்றாள் இவள். “பதினோரு மாசமா சும்மாதான் இருக்கேன்.” சொல்லிவிட்டுக் கருவியை இறக்கினாள், பிறகு ஒரு விரலால் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினாள், அப்படியே இவள் முகத்தைப் பார்த்தாள், எதையோ வாசிக்கிற மாதிரி, இரண்டு வரி அதிகமாகவே. என்னத்தைப் பார்க்கிறாள்? தெரிந்திருக்குமோ? எப்படித் தெரியும், டிஸ்க்குக்கும் வடைச்சட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவள். தெரிந்தால் என்ன ஆகும்… கத்தமாட்டாள், கத்த முடியாது, அதுதான் பயமாக இருந்தது. கருவியை வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள், அதை இவள் சாகிறவரை காதில் வைத்துக்கொண்டு திரியவேண்டும்.

எண்பத்தைந்து. எண்பத்தாறு. கரண்ட் போனால் யூ.பி.எஸ் இருபது நிமிஷம் தாங்கும், போகாது, போகக்கூடாது. நாலு மணி நேரம் சுத்தமான குரல் வேண்டும் என்றாரே, சுத்தத்துக்கு என்ன குறை, ஓய்வு பெற்றபின் அவள் பதிவையெல்லாம் சுத்தம் செய்ததே இவள்தானே, கேட்டா செய்தாள், அவள் கேட்கவே இல்லை, பதிப்பகத்தில் ஆள் வைத்தால் தாமதமாகிறது என்று புலம்பினாள், இவள் பேசாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். புரண்ட சொல், பக்கம் திருப்பும் சரசரப்பு, பக்கத்து வீட்டு நாய், பெருமூச்சு, எச்சில் விழுங்குவது, இருமல், ஒவ்வொன்றாக மவுஸால் குறித்து வெட்டி, வெட்டின வாய் தெரியாமல் ஒட்டி, எக்ஸ்ரே படத்தில் நிழலைத் தேடின கண்ணுக்கு அலையைப் பார்த்தாலே இது சொல், இது மூச்சு, இது இருமல் என்று தெரிந்துவிடும், இருமல் திரையில் முள்ளுச் செடி மாதிரி நிற்கும். ஒரு நன்றி சொன்னாளா? நீ வெட்டினதுல என் மூச்சும் போச்சு, பிணம் வாசிக்கிற மாதிரி இருக்கு என்றாள். அப்போதெல்லாம் சொந்த வாயால் சொன்னாள்.

தொண்ணூற்று மூன்றில் நிழல் விழுந்தது. வாசலில் இளையவள். கையில் அது, ஓட்டை போட்ட டிஸ்க், இவள் அதை ஜன்னலோரத்திலேயே விட்டுவிட்டு வந்தாளா, இத்தனை புத்திசாலி அதை மறைக்கக்கூட இல்லையா. இளையவள் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு ஓட்டை வழியாக இவளைப் பார்த்தாள், விளையாட்டுக் காட்டுகிற மாதிரி. பிறகு கருவி. “தப்பானதுக்குப் போட்டுட்டே, இல்ல?” உனக்கெப்படி… “ட்ரில் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீ ஐயோன்னது கேட்டுச்சு.” இளையவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். “அன்னிக்கு நீ உருவும்போதும் பார்த்தேன், மாத்திச் சொருகும்போதும் இங்கதான் நின்னேன். எல்லாத்துலயும் நம்பர் அச்சடிச்சிருந்துச்சு. மூணாவது இடத்துல இருந்ததை அஞ்சாவதுல வச்சே.” பார்த்தியா? பார்த்துட்டு சும்மாவா இருந்தே? பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா… “சொல்லல.” அவ்வளவுதான். ஏன் என்று இவள் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, அன்றைக்கு அவளுக்கு வாய் இருந்தது, ஊரைக் கூட்டுகிற வாய், அதை வைத்துக்கொண்டு அவள் செய்த ஒரே அமைதியான காரியம் இதுதான். இவளுக்கு ஆத்திரம் வந்தது, வந்தது பொங்கியது, பொங்கின வேகத்தில் ஒருமாதிரி நிம்மதிகூட வந்தது, அப்பாடா, இனிமேல் இது இவள் தலையில் மட்டும் இல்லை, பாதி அவளுடையது, அவள் குரல் போனால் அவளும் சேர்ந்துதான் போக்கினாள், வரட்டும் அந்தப் பெண், முகத்துக்கு நேரே சொல்கிறேன், உங்கம்மாவே பார்த்துக்கிட்டு நின்னாடி என்று…

தொண்ணூற்றேழு. இளையவள் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பெட்டியின் உறுமல் அவள் கையிலிருந்த கருவியின் உறுமல் மாதிரியே இருந்தது, எது எதுவென்று ஒரு கணம் இவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு இளையவள் மெதுவாக, இடம் பார்த்து, கழுத்தில் அழுத்தினாள். “நான் ஒண்ணு கேக்கவா அக்கா?” கேளேன். “என் இருமலை எல்லாம் நீதானே வெட்டினே.” ஆமா, அதுக்கென்ன இப்போ? “எப்பலேர்ந்து அதிகமாச்சு?”

கேள்வியில் குற்றம் இல்லை, கோபம் இல்லை, கருவிக்குத்தான் ராகமே கிடையாதே, மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது. அதெல்லாம் யாருடி கணக்கு வச்சா, என்று இவள் வாய் சொல்லிவிட்டது, பட்டென்று, யோசிக்காமல். திரையில் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நடந்துவிடும், நிஜமாகவே நடந்துவிடும், தெருமுனையில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது, ஆனால் மூத்தவள் திரையைப் பார்க்கவில்லை. வாய் சொல்லி முடிக்குமுன்பே உள்ளே விடை வந்து நின்றுவிட்டது, யாரும் கூப்பிடாமல், முகம் கழுவித் தலை சீவி, மாலுமியின் கதை வாசித்தபோது முழுப் புத்தகத்துக்கும் நாலு இருமல், அடுத்து அந்த நீதிபதிக் கதையில் பத்தொன்பது, மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் முப்பத்தொன்று, ஒவ்வொரு முள்ளுச் செடியும் அதனதன் இடத்தில், வெந்நீர் குடிடி போதும் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் வரிசையாக… இவள் எதையும் தேடவே வேண்டியிருக்கவில்லை.