கட்டிங் மாஸ்டர் வெட்டிய மல்லிச்செடி

என் வீட்டுக்காரர் கந்தப்பன் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தான் வெட்டியதில் குறை சொல்ல இனிமேல்தான் ஆள் பிறந்து வர வேண்டும் என்பது அவருடைய நினைப்பு. துணியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நானும் ஒத்துக்கொண்டு போயிருப்பேன்.

மார்கழிக் கடைசியில் நான் பொங்கலூருக்கு, மகள் தேஜஸ்ரீயைப் பார்க்கக் கிளம்பினேன். மாசமாக இருக்கிறாள். பங்குனியில் வளைகாப்பு. அன்றைக்கு அவள் தலையில் கடைப்பூ ஏறக் கூடாது, எங்கள் வாசலில் நிற்கும் இரண்டு குண்டுமல்லிச் செடிகளின் பூதான் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, பிடிவாதம்தான். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அந்தப் பூவை வைத்துத்தான் அவளை அனுப்பினேன். மல்லி புதுத்துளிரில்தான் மொட்டு விடும். பங்குனியில் பூ வேண்டுமென்றால் மார்கழியிலேயே ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

"ஏனுங்க, நான் வர்றதுக்குள்ள ரெண்டு செடியவும் முழங்கால் அளவுக்குக் கவாத்து பண்ணி வெச்சிருங்க" என்றேன்.

"வெட்டறதுக்கு எனக்கே சொல்லித் தர்றியா அம்மிணி?" என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், இரண்டு செடிகளும் லட்டுப் பிடித்து வைத்த மாதிரி உருண்டையாக நிற்கின்றன. துணிக்கு வெட்டுவது போல அட்டையில் பேட்டர்ன் வெட்டி, அதைச் செடிமேல் வைத்து வைத்துப் பார்த்து நறுக்கியிருக்கிறார். எதிர்வீட்டு மருதம்மாள் வேறு, "அண்ணன் என்ன அழகா வெட்டிருக்கறாருங்க" என்று மெச்சிவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முழங்கால் அளவுன்னு சொன்னா, இடுப்பளவு நிக்குதுங்களே?"

"கொஞ்சம் தாராளமா உட்டுத்தான் வெட்டிருக்கறேன். சுருங்குமில்ல."

"எதுங்க சுருங்கும்?"

கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியன் துணி தண்ணீரில் நனைந்தால் சுருங்கும். அதனால் அளவுக்கு மேல் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவார்கள். காலமெல்லாம் செய்து செய்து கைக்கு அதுவே பழகிவிட்டது. செடி என்ன, நனைத்தால் சுருங்குகிற சாமானா? எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிப்பை விடக் கோபம் அதிகமாக வந்தது.

கத்தரியைப் பிடுங்கி ஒரு செடியை முழங்காலுக்குக் கீழே இறக்கினேன். மிச்சமிருந்த இலையையும் உருவிப் போட்டேன். அடுத்ததற்குப் போனால் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"இதையாச்சும் உடு அம்மிணி. எவ்வளவு லட்சணமா இருக்குது பாரு."

முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை முழுக்க என் செடி விறகுக்குச்சியாக நின்றது. அவருடையது பச்சைப் பசேலென்று தளதளத்தது. டீயைக் குடித்துக்கொண்டே, "உன்ற செடிக்குக் காரியம் பண்ணியாச்சா?" என்று கேட்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவைப்பேன். ஆனால் அவசரப்பட்டுச் செடியைக் கொன்றுவிட்டேனோ, பிள்ளைக்குக் கடைப்பூதானோ என்று தினமும் அந்தக் குச்சிகளைக் கிள்ளிப் பார்ப்பேன். மாசி பிறந்த பிறகுதான் கணுவுக்குக் கணு துளிர் வந்தது. பங்குனியில் துளிருக்குத் துளிர் மொட்டு.

வளைகாப்பன்று காலையில் என் செடியில் மட்டும் ஒரு முறம் நிறையப் பறித்தேன். அவருடைய உருண்டைச் செடியை நான் திரும்பியும் பார்க்கவில்லை. இலைதானே இருந்தது. பறித்ததையெல்லாம் ஒரு பூ விடாமல் தேஜஸ்ரீக்கே கட்டினேன். பொங்கலூரில் அவளை மணையில் உட்கார வைத்தபோது பின்னல் முழுக்கப் பூ. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேறென்ன வேண்டும்.

வளையல் போட்டு முடிந்ததும் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "நீங்க பூ வெக்கலீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பூகூட இல்லாத வெறுந்தலை. இருந்த அவசரத்தில் சீவியதே பெரிய காரியம்.

பந்திக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் ஓரமாகக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஒரு சாண் மல்லிச்சரம். கம்பெனி நூலில் முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தார்.

"நம்ம செடிதான். எலைக்குள்ளாற அங்கொண்ணு இங்கொண்ணு இருந்துது. தேடித்தேடிப் பறிச்சேன்."

அங்கேயே நின்று தலையில் செருகிக்கொண்டேன்.

"அளவு பத்துதா அம்மிணி?"

"பத்துதுங்க."

"நாலு பூ சேத்தித்தான் கட்டிருக்கறேன்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வாடுனா சுருங்குமில்ல."

பூ வாடினால் சுருங்கத்தான் செய்யும். அதற்கு நான் என்ன சொல்ல முடியும். அடுத்த மார்கழிக்கும் அந்தச் செடி அவர் இஷ்டம்தான்.