ஐம்பது பங்கனபல்லிகள்

"தள்ளின மனுவெல்லாம் எடுங்க சார்."

இந்தச் சித்தூர் அலுவலகத்தில் இதை மட்டும் கேட்காதே என்று, புள்ளிவிவரக் கணக்குப் பார்க்க லோயிஸ் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

தலைமை குமாஸ்தா சிட்டிபாபு முறைத்தார். "இன்னாத்துக்கும்மா? வாத்தியார் ட்ரெயினிங்குக்கு ஐம்பது பேர் எடுத்தோம். தமிழ்ப் புள்ளைங்க பன்னெண்டு. போதாதா? மொழிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேன்னு கையெழுத்து போடு."

ஆந்திர, சென்னை எல்லை எந்த ஊரைப் பிளக்குமோ என்று இழுத்துக்கொண்டிருந்த ஐம்பத்தேழாம் வருஷம். அந்தக் கையெழுத்து கிடைத்தால், தமிழர்களை ஒதுக்கியதாக வந்த புகாரை விசாரிக்கும் திருப்பதி அதிகாரி கோப்பை மூடிவிடுவார். போடாவிட்டால் லோயிசின் தற்காலிக வேலை காலி.

"எத்தினி பேர்ல பன்னெண்டு?"

சிட்டிபாபுவின் கண் மூலையிலிருந்த பங்கனபல்லி மாம்பழக் கூடைக்குப் போய்த் திரும்பியது. அவ்வளவுதான், லோயிஸ் பாய்ந்து வைக்கோலை விலக்கினாள். ஒவ்வொரு பழத்துக்கும் தள்ளிய மனு ஒன்று சட்டை!

"யம்மே! துரை வீட்டுக்குப் பழுக்க வெச்சிகினு இருக்கேன்!"

"பழம் உங்களுக்கு சார். சட்டை எனக்கு."

தெலுங்கு மனுவில் இருந்த பழம் அவர் மேசைக்கு, தமிழ் மனுவில் இருந்தது அவள் மேசைக்கு. டைப்பிஸ்ட் ரத்னம்மா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். "லோயிசு, தமிழ்ப் பழம் உருளுது, புடி!"

அவர் மேசையில் இருபத்திரண்டு. அவள் மேசையில் இருபத்தெட்டு. எடுத்தது ஐம்பது, தள்ளியது ஐம்பது. சம்பந்தமே இல்லையென்றால் தமிழ் நாற்பதில் இருபதும் தெலுங்கு அறுபதில் முப்பதும் தேறியிருக்க வேண்டும். தேறியதோ பன்னிரண்டும் முப்பத்தெட்டும். தமிழ், தெலுங்கு, எடுத்தது, தள்ளியது என்று போட்ட நாலு கட்டத்திலும் வித்தியாசம் எட்டு. எட்டை எட்டால் பெருக்கி, அந்தந்தக் கட்டத்தில் எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நாலையும் கூட்டினாள்.

"தற்செயலா இல்லையான்னு பார்க்கிற கை-ஸ்கொயர் பத்தரைக்கு மேல சார்! நாலைத் தாண்டினாலே தற்செயல்னு சொல்லக் கூச்சப்படணும்!" வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

"மார்க் கம்மியா இருந்திருக்கும்."

"இருந்தா அதை எழுதுங்க. ஏன்னு இந்தக் கணக்கு சொல்லாது. சம்பந்தமே இல்லேன்னு புளுக மட்டும் விடாது."

மனுக்களை அடுக்கிக்கொண்டு எழுந்தவளிடம் சிட்டிபாபு கத்தினார். "இப்ப போனா வேலைக்குத் திரும்பி வராதே!"

அப்போதுதான் அவர் பார்த்தார். அவர் மேசையில், பழங்களுக்கு அடியில், அவளுடைய டிராயர் சாவி. வேலை போகட்டுமென்று கூடையைத் தொடுமுன்பே வைத்திருக்கிறாள்.

மாம்பழ வாசம் வீசும் ஐம்பது மனுக்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, லோயிஸ் திருப்பதி பஸ்ஸுக்கு நடந்தாள்.