தண்ணீர் விடுகிற நேரம்

வேலையாட்கள் வீட்டு வாசலில் இருந்த பழைய சொட்டைப் புல்லைக் கொத்தி எறிந்து, மண்ணைச் சமன் செய்து, பாய் மாதிரி சுருட்டி வந்த புதுப் புல்லை இடைவெளி தெரியாமல் விரித்து, மேலே உருளை ஓட்டினார்கள். பெரியவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வேடிக்கை பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது. அந்த வீட்டில் இத்தனை பேர் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

எல்லாம் வெளியூரில் இருக்கும் மகனின் ஏற்பாடு. மண்ணுக்கடியில் குழாய், நேரம் வைத்துத் திறக்க டைமர், மழை வந்தால் தானாக நிறுத்த ஒரு கருவி.

"விடியக்காலையில தானா விட்டுடும் சார். வெயில்ல ஆவியாகாது, பாதித் தண்ணி மிச்சம்," என்றார் மேஸ்திரி. "நீங்க மேல ஊத்தினா வேர் அழுகிடும். தொடவே வேணாம்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஜாலியா உள்ள உக்காருங்க."

உள்ளே உட்கார அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! மனைவி போனதிலிருந்து அதைத்தானே செய்கிறார். சாயங்காலம் புல்லுக்குத் தண்ணீர் விட மட்டும் வெளியே வருவார். ரப்பர் குழாயும் கையுமாக நிற்கும்போதுதான் எதிர்வீட்டு டீச்சர் பள்ளியிலிருந்து திரும்புவார்.

"என்ன சார், தண்ணி விடறீங்களா?"

பின்னே, பாலா விடுகிறேன் என்று மனசுக்குள் கிண்டலடித்துக்கொண்டே, "ஆமா டீச்சர்" என்பார். ஒரு நாளில் ஒரு மனிதர் அவரிடம் பேசுவது அவ்வளவுதான்.

புல் வேர் பிடித்துப் பச்சைப்பசேலென்று ஆனது. பெரியவர் ஜன்னல் வழியே பார்த்தார். டீச்சர் நேராகப் போய்விடுவார். ஆளில்லாத வாசலிடம் யார் என்ன கேட்பார்கள்? மகன் போனில், "எப்படிப்பா இருக்கு?" என்றால் புல்லைத்தான் கேட்கிறான். "ஜோரா இருக்குப்பா," என்பார். போனை வைத்துவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போவார்.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் பழைய குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தண்ணீரைத் திறக்கவில்லை. நன்றாக வந்த புல்லை அழுகவிட மனசு வரவில்லை.

"என்ன சார், தண்ணி விடறீங்களா?"

"ஆமா டீச்சர்."

இரண்டடி போனவர் திரும்பினார். "தண்ணியே வரலையே?"

பெரியவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "வரும்... கொஞ்சம் நேரமாகும்."

டீச்சர் குழாயைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். கைப்பையை இறக்கி மதில்மேல் வைத்தார்.

"வரட்டும் சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."