விஜயராஜின் அமைதி நேரம்

ஒடுகத்தூரில் வேலை பார்த்த மொபைல் கடையை மூடிவிட்டார்கள். புதூர்நாட்டுக்குத் திரும்பி வீட்டோடு இருந்த விஜயராஜ், சில மாதங்களிலேயே குழந்தை வளர்ப்பு நிபுணர் ஆகிவிட்டான்.

மனைவி கோகிலவாணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் வேலைக்குக் கிளம்பியதும் நான்கு வயது பூவிழியைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. பார்த்துக்கொண்டானோ இல்லையோ, நன்றாகப் படம் பிடித்தான். யூடியூப் சேனலுக்கு ‘அமைதி நேரம்’ என்று பெயர். டிவியும் செல்போனும் இல்லாமல் பிள்ளையைச் சந்தோஷமாக உட்கார வைப்பது எப்படி என்று, நாள் முழுக்கச் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்தான்.

பூவிழி பாவம், தானாகவே நன்றாக விளையாடும் குழந்தை. ஒருநாள் புளியங்கொட்டைகளை வளைத்து வளைத்துப் பாம்பு மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. விஜயராஜ் ஓடிவந்து அத்தனையையும் கலைத்துவிட்டான்.

“பாப்பா, வெளிச்சம் பத்தல. முதல்ல இருந்து அடுக்கு. அப்பாவப் பாத்துச் சிரி.”

அவள் கொட்டைகளை வீசிவிட்டு அழுதாள். அந்த அழுகையின் மேல் புல்லாங்குழல் இசையைப் போட்டு, ‘குழந்தையின் கவனம் வளர’ என்று தலைப்பும் கொடுத்து ஏற்றினான். கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டுச் சோறு போடப் போனாள். திட்டுவதற்குக்கூட அது லாயக்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்காக அவள் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே, ஜீப்புகள் இறங்கும் மலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணுவின் வீடு. அங்கே வாசலில் பூவிழி பலாக்கொட்டைகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

“தனியாவா ரோட்டத் தாண்டி வந்தா?” என்று கேட்டுக்கொண்டே கோகிலவாணி வாசலுக்கு ஓடினாள்.

“தனியாத்தான் வந்துச்சு. அப்பா இன்னா பண்றாருன்னு கேட்டேன், பேசறாருன்னுது. ஆள அனுப்பிச் சொல்லலாம்னா யாரும் இல்ல. அதான் புடிச்சி உக்கார வெச்சேன்” என்றாள் அம்மாக்கண்ணு.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோகிலவாணி வீட்டுக்குள் போனாள். விஜயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்டாண்டில் இருந்த போனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“இதோ, இப்பகூட என் பொண்ணு பக்கத்து ரூம்ல தனியா, அமைதியா விளையாடிட்டு இருக்கா. நான் தொந்தரவே பண்ணல. நம்ம பிள்ளைங்கள நாம நம்பணும்.”

“பாப்பா இன்னா பண்ணுது?” என்று பின்னாலிருந்து கேட்டாள் கோகிலவாணி.

அவன் திரும்பவில்லை. “உள்ள கீது. ஷூட்டிங் போவுது, சத்தம் போடாத.”

“நான் இங்க கீறேன்பா” என்றாள் பூவிழி.

திரும்பியவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நொடிதான். உடனே கை போனை நோக்கிப் போய்ப் பதிவை நிறுத்தியது.

“ரோட்டத் தாண்டிப் போயிருக்கா. முதல்ல புள்ளையப் பாக்கணும்னு தோணல உங்களுக்கு.”

“இல்ல கோகிலா, கதவச் சாத்திட்டுத்தான்...”

“பேசாதீங்க. ஊரே உங்க பேச்சக் கேக்குது, அது போதும்.”

மறுநாளே பூவிழியை அங்கன்வாடியில் சேர்த்தாள். அங்கே என்ன பெரிதாகச் சொல்லித் தருவார்கள் என்று இழுத்தான் விஜயராஜ்.

ஞாயிற்றுக்கிழமை அவனே சமாதானமாக வந்தான். “போன் வேணாம், இன்னிக்கி நான் பாப்பாகூட உக்கார்றேன்” என்றான்.

பூவிழி கூழாங்கற்களை ஒரு குண்டானிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். திரும்பவும் முதல் குண்டானுக்கு மாற்றினாள். அவளுக்கு அலுக்கவே இல்லை. விஜயராஜ் கொட்டாவி விட்டான், முதுகைச் சொறிந்தான், காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தான்.

“எவ்ளோ நேரம் இதையே பாத்துட்டு உக்கார்றது?”

துணி மடித்துக்கொண்டிருந்த கோகிலவாணி சிரித்துவிட்டாள். “அவ நல்லாத்தான் இருக்கா. உங்களத்தான் உக்கார வெக்க முடியல.”

அவன் மெல்ல எழுந்து, போன் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனான். பூவிழி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.